நாகலூர்ச் சாலையும் நியூட்ரான் கணக்கும்

வானத்திலிருந்து ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும் நியூட்ரான்கள் மின்னணுச் சில்லுகளில் பிழையை உண்டாக்குகின்றன. உயரம் கூடக்கூட அந்தப் பிழையும் கூடுகிறது. இதை விளங்கவைக்கும் பாதைகளில் ஒன்று, சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமேல் ஏறும் சாலை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தைத் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிய பிறகு வரும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தை ஒட்டியது. ஏற்காட்டிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலை நாகலூருக்குச் செல்கிறது. இந்தப் பயணம் முடிவதற்குள், பயணியின் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியின் மேல் விழும் நியூட்ரான்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடுகிறது.

அடிவாரம்: சில்லும் பிழையும்

சில்லுக்குள் ஒவ்வொரு செய்தியும் பிட்டுகளாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பிட் சுழியமாக இருக்கும், அல்லது ஒன்றாக இருக்கும். நினைவகத்தின் ஒரு கண்ணறையில் தேங்கி நிற்கும் மின்னூட்டமே அது சுழியமா ஒன்றா என்பதைத் தீர்மானிக்கிறது. இன்றைய நுண்ணிய சில்லுகளில் அந்த மின்னூட்டம் சில ஆயிரம் எலக்ட்ரான்கள் அளவுக்குக் குறைந்துவிட்டது. வெளியிலிருந்து அதே அளவு மின்னூட்டம் திடீரென்று வந்து சேர்ந்தால் சுழியம் ஒன்றாகும், ஒன்று சுழியமாகும். சில்லு உடைவதில்லை, எரிவதில்லை. மறுபடி எழுதினால் சரியாகிவிடுகிறது. அதனால்தான் இதற்கு மென்பிழை என்று பெயர்.

இந்தப் பிழையின் காரணம் முதலில் தெளிவானது 1978-இல். இன்டெல் நிறுவனத்தின் நினைவகச் சில்லுகளில் பிட்டுகள் தாமாகவே மாறின. திமோதி மே, முர்ரே உட்ஸ் என்ற இருவர் ஆராய்ந்தபோது, சில்லைச் சுற்றியிருந்த பீங்கான் உறையில் யுரேனியம், தோரியம் சிறிதளவு கலந்திருந்தது தெரியவந்தது. அவை உமிழ்ந்த ஆல்ஃபா துகள்களே பிட்டுகளைப் புரட்டியிருந்தன. உறையைச் சுத்தமான பொருளால் செய்து அந்தக் காரணத்தைப் பெருமளவு குறைத்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டே, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜேம்ஸ் ஸீக்லரும் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் லான்ஃபோர்டும், வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் தரையில் உள்ள சில்லுகளில் இதே பிழையை உண்டாக்கும் என்று காட்டினார்கள். உறையை மாற்றினால் தீரும் சிக்கலாக இது இருக்கவில்லை.

எஃப்.பி.ஜி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிரல்படுத்தக்கூடிய சில்லுகளில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. சாதாரணச் சில்லின் மின்சுற்று தொழிற்சாலையிலேயே நிலையாகச் செதுக்கப்பட்டுவிடும். எஃப்.பி.ஜி.ஏ. வெற்றுப் பலகைபோல வந்து சேர்கிறது. அதை வாங்கிய பொறியாளர் தமக்கு வேண்டிய மின்சுற்றை அதில் எழுதிக்கொள்கிறார். 1985-இல் ஸைலிங்ஸ் நிறுவனம் முதல் எஃப்.பி.ஜி.ஏ.வைக் கொண்டுவந்தது. அதில் இருந்தவை 64 தருக்கக் கட்டங்களே. இன்று கைபேசிக் கோபுரம், மருத்துவக் கருவி, விமானம், செயற்கைக்கோள் எனப் பல இடங்களில் இவை வேலை செய்கின்றன.

இவற்றுள் பெரும்பாலானவை தம் மின்சுற்றின் வரைபடத்தை நினைவக பிட்டுகளாகவே வைத்திருக்கின்றன. எந்தக் கம்பி எதனோடு சேர வேண்டும் என்பதையும் எந்தக் கட்டம் என்ன கணக்குப் போட வேண்டும் என்பதையும் சொல்லும் பிட்டுகள் ஒரு சில்லில் கோடிக்கணக்கில் இருக்கும். சேலம் ரயில் சந்திப்பை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். முன்பதிவுப் பட்டியலில் ஓர் எண் மாறினால் ஒரு பயணிக்கு இருக்கை தவறும். தண்டவாளத்தைப் பிரித்துவிடும் பாயின்ட் மாறினாலோ, யாராவது அதைத் திருத்தும்வரை அந்த வழியாக வரும் ஒவ்வொரு வண்டியும் தவறான பாதையில் போகும். எஃப்.பி.ஜி.ஏ.வின் அமைவு நினைவகத்தில் ஒரு பிட் புரள்வது இரண்டாவது வகை. அங்கே மாறுவது மின்சுற்றே.

வளைவுகள்: காற்றின் எடை

மலைச்சாலையில் பாதி வளைவுகளைக் கடக்கும்போது காது அடைத்துக்கொள்கிறது. அடிவாரத்தில் வாங்கிய நொறுக்குத் தீனிப் பொட்டலம் மேலே போகப் போகப் பலூன்போல உப்புகிறது. உள்ளே அடைபட்ட காற்று அதே அளவில் இருக்க, வெளியே அழுத்தம் குறைந்துகொண்டே வருவதுதான் காரணம். கடற்கரையில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல் வானம்வரை அடுக்கியிருக்கும் காற்றின் எடை 1,033 கிராம். ஏற்காட்டில் அது 860 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. உப்பிய அந்தப் பொட்டலம், பயணிகளின் தலைக்கு மேலிருந்த காற்றுக் கூரை மெலிந்துவிட்டதைக் காட்டுகிறது.

காஸ்மிக் கதிர்களைத் தடுத்து நிறுத்துவது அந்தக் கூரைதான். விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் புரோட்டான்கள் மேல் வளிமண்டலத்தில் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருக்களில் மோதி அவற்றைச் சிதறடிக்கின்றன. சிதறியவை மேலும் மோத, துகள்களின் மழை ஒன்று கீழ்நோக்கிப் பொழிகிறது. அந்த மழையின் ஒரு பகுதிதான் நியூட்ரான்கள். மின்னூட்டம் இல்லாத துகள் என்பதால் காற்றில் உள்ள எலக்ட்ரான்கள் நியூட்ரானைத் தடுப்பதில்லை. இன்னோர் அணுக்கருவில் நேராக மோதும்வரை அது போய்க்கொண்டே இருக்கும். தலைக்கு மேல் காற்று எவ்வளவு குறைவோ அந்த அளவுக்கு அதிகமான நியூட்ரான்கள் தப்பித்துக் கீழே வருகின்றன.

உயரத்தோடு கதிர்வீச்சு கூடுகிறது என்று முதலில் உறுதியாகக் கண்டவரும் ஒரு பயணிதான். ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ் 1912 ஆகஸ்டில் பலூனில் ஏறி 5,000 மீட்டருக்கு மேல் போய் அளந்தார். மண்ணிலிருந்து விலகினால் கதிர்வீச்சு குறையும் என்று எதிர்பார்த்திருந்த காலம் அது. அவருடைய கருவியோ கூடுவதைக் காட்டியது. அதற்காக 1936-இல் நோபல் பரிசு பெற்றார்.

நியூட்ரான் சில்லுக்குள் புகுந்து சிலிக்கன் அணுக்கருவில் மோதும்போது கரு உடைந்து சிதறுகிறது. ஆல்ஃபா துகள், புரோட்டான், மக்னீசியம் அல்லது அலுமினியக் கரு என மின்னூட்டம் கொண்ட துண்டுகள் கிளம்புகின்றன. பிழையைச் செய்வது இந்தத் துண்டுகளே. சிலிக்கனில் ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 3.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை இழக்கும் ஒரு துண்டு தன் தடத்தில் சுமார் 2,80,000 எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. சில ஆயிரம் எலக்ட்ரான்களை நம்பி நிற்கும் ஒரு பிட்டைப் புரட்ட அதில் சிறு பங்கே போதும்.

நாகலூர்: மணிக்கு இருபது

நாகலூர் ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த மலைக்கிராமம். மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இந்த மலையின் மூத்த குடிகள். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடி இன்று சேர்வராயன் மலையின் முகமாகிவிட்டது. நிழலுக்கு சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி ஏறும் மிளகுக் கொடிகள், அடியில் காப்பி. கைபேசிக் கோபுரங்களும் மலைமேல் வந்துவிட்டன.

கட்டைவிரல் நகம் அளவுள்ள பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர். சில்லுகளைப் புரட்டும் ஆற்றல் கொண்ட, அதாவது ஒரு கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுள்ள நியூட்ரான்கள், நியூயார்க் நகரில் அந்தப் பரப்பின் மேல் மணிக்குச் சுமார் 13 விழுகின்றன. உலகம் முழுவதும் சில்லுத் தொழில் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் அளவு இதுதான். சென்னையில் அதில் பாதிதான் விழும். பூமியின் காந்தப்புலம் நிலநடுக்கோட்டின் அருகே காஸ்மிக் கதிர்களை வலுவாகத் திருப்பிவிடுவது இதற்குக் காரணம். தமிழ்நாட்டின் மேல் சுமார் 17 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த ஆற்றலுள்ள புரோட்டான்கள் நேர்க்குத்தாக உள்ளே வர முடியாது. காந்தப்புலம் பாதியாகக் குறைத்ததை மலையின் உயரம் மூன்று மடங்காகப் பெருக்குகிறது. ஆகவே நாகலூரில் அதே நக அளவின் மேல் மணிக்குச் சுமார் 20 நியூட்ரான்கள் விழும் என்று கணக்கிடலாம்.

இருபது நியூட்ரானில் ஒன்றுகூடப் பிட்டைத் தொடாமல் போவதுதான் வழக்கம். ஒரு பிட் நியூட்ரானுக்குக் காட்டும் இலக்கு மிக மிகச் சிறியது. ஒரு சதுர சென்டிமீட்டரை நூறு லட்சம் கோடிக் கூறுகளாகப் போட்டால் அதில் ஒரு கூறு என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கோடி பிட்டுகள் கொண்ட ஒரு சில்லை நாகலூரில் வைத்தால், அதில் ஒரு பிட் புரள சராசரியாக 28 ஆண்டுகள் ஆகும். தனியொருவருக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் ஆயிரம் சில்லுகள் வேலை செய்யும் ஒரு தொலைத்தொடர்பு வலையமைப்புக்குக் கணக்கு வேறு. அந்த ஆயிரமும் சென்னையில் இருந்தால் மாதம் ஒரு பிட் புரளும். நாகலூரில் இருந்தால் பத்து நாளுக்கு ஒன்று.

ஒரு பிட் என்ன செய்துவிடும் என்பதற்கு பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் நடந்தது சான்று. 2003 மே 18 தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு இருக்க முடியாத அளவுக்கு வாக்குகள் பதிவாகியிருந்தன. மறுபடி எண்ணியபோது கூடுதலாக வந்தவை சரியாக 4,096. அது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கிக் கிடைக்கும் எண். அதாவது, இயந்திர நினைவகத்தில் ஒரே ஒரு பிட் சுழியத்திலிருந்து ஒன்றாகியிருந்தது. மென்பொருளில் குறை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. காஸ்மிக் கதிர் காரணமாக இருக்கலாம் என்பது வலுவான ஊகம், நிரூபணம் இல்லை.

கற்றையின் முன்: ஒரு விநாடியில் 28 ஆண்டு

ஒரு பிட் புரள 28 ஆண்டு காத்திருந்து ஒரு சில்லைச் சோதிக்க யாராலும் முடியாது. அதனால் சோதனைக்கூடங்கள் காலத்தைச் சுருக்குகின்றன. வானில் நடப்பதை முடுக்கியால் செய்துகாட்டுவதே வழி. அமெரிக்காவின் லாஸ் ஆலமோஸிலும் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள ஐஸிஸ் ஆய்வகத்திலும் புரோட்டான்களை 80 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு முடுக்கி, டங்ஸ்டன் உலோகக் கட்டியின் மேல் மோதவிடுகிறார்கள். உடைந்த டங்ஸ்டன் கருக்களிலிருந்து பலவகை ஆற்றல்களில் நியூட்ரான்கள் கொட்டுகின்றன. அந்த ஆற்றல்களின் பரவல் வளிமண்டல நியூட்ரான்களின் பரவலை ஒத்திருக்கும்படி அமைக்கப்பட்டதுதான் ஐஸிஸில் உள்ள சிப்-ஐஆர் என்ற கற்றைத்தடம். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டரில் விநாடிக்கு 50 லட்சம் நியூட்ரான்கள் விழுகின்றன. கற்றையில் ஒரு விநாடி நாகலூரில் 28 ஆண்டுகளுக்குச் சமம். ஒரு மணி நேரம் ஒரு லட்சம் ஆண்டுகளுக்குச் சமம்.

சோதனை நடக்கும் முறை எளிமையானது. கான்கிரீட் சுவர் சூழ்ந்த அறைக்குள் எஃப்.பி.ஜி.ஏ. பலகையை ஒரு சட்டத்தில் திருகி நிறுத்துகிறார்கள். லேசர் ஒளியைக் கொண்டு சில்லின் நடுப்புள்ளியைக் கற்றையின் பாதையோடு பொருத்துகிறார்கள். மின்வழங்கியும் துணைச் சில்லுகளும் கற்றையின் விளிம்புக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவற்றில் நேரும் பிழை சோதிக்கப்படும் சில்லின் கணக்கில் ஏறிவிடும். நீண்ட கம்பிகள் சுவருக்கு வெளியே இருக்கும் கணினிக்கு வருகின்றன. எல்லோரும் வெளியேறிக் கதவு பூட்டப்பட்ட பிறகே கற்றை திறக்கப்படும்.

பிறகு எண்ணிக்கை தொடங்குகிறது. சில்லில் என்ன எழுதப்பட்டதோ அதன் நகல் கணினியில் இருக்கிறது. சில்லின் அமைவு நினைவகத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, நகலோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் எந்த பிட் மாறியது என்று குறித்துக்கொள்கிறார்கள். மேலே எடுத்துக்கொண்ட இரண்டு கோடி பிட் சில்லில் விநாடிக்கு ஒரு பிட் புரளும். புரண்ட பிட்டுகளின் எண்ணிக்கையை, ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் விழுந்த நியூட்ரான்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்தச் சில்லின் இலக்குப் பரப்பு கிடைக்கிறது. அதை எந்த ஊரின் நியூட்ரான் எண்ணிக்கையோடு பெருக்கினாலும் அந்த ஊரில் எதிர்பார்க்க வேண்டிய பிழை விகிதம் வந்துவிடும். நூறு கோடி மணி நேரத்தில் ஒரு பிழை என்பதை ஃபிட் என்ற அலகாகக் கொள்கிறார்கள். சோதனை முடிந்ததும் பலகையை உடனே கையில் எடுக்க முடியாது. நியூட்ரான் பட்ட உலோகப் பாகங்கள் சிறிது கதிரியக்கம் பெற்றிருக்கும். அது தணிந்ததை அளந்த பிறகே வெளியே தருவார்கள்.

பிட் புரண்டதை எண்ணுவதோடு வேலை முடிவதில்லை. எழுதப்பட்ட மின்சுற்று பயன்படுத்தாத கம்பிக்கு உரிய பிட் புரண்டால் ஒன்றும் ஆகாது. பெரும்பாலான புரட்டல்கள் இந்த வகைதான். ஆகவே சில்லை உண்மையான வேலையில் ஓடவிட்டு, விடை எப்போது தவறுகிறது என்பதையும் தனியாக எண்ணுகிறார்கள். ஒரே மோதலில் பக்கத்துப் பக்கத்துப் பிட்டுகள் பல புரள்வதும் உண்டு. டிரான்சிஸ்டர்கள் நெருங்க நெருங்க அது கூடுகிறது.

மலையையும் கற்றையையும் ஒப்பிட்ட சோதனை

கற்றையில் கிடைத்த விடை இயற்கைக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை மலைமேல்தான் கிடைத்தது. ஐ.பி.எம். நிறுவனம் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொலராடோவின் லெட்வில் ஊரில் நினைவகச் சில்லுகளை வைத்துச் சோதித்தது. பிழைகள் தாழ்நிலத்தைவிடப் பல மடங்கு கூடின. அதே வகைச் சில்லுகளைத் தரைக்கடியில் பாறைக்குக் கீழே வைத்தபோது பிழைகள் ஏறக்குறைய மறைந்தன. காரணம் வானிலிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எஃப்.பி.ஜி.ஏ.க்களுக்கு இதே வேலையைச் செய்தது ஸைலிங்ஸ் நிறுவனத்தின் ரொசெட்டா சோதனை. எகிப்திய எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டா கல்லின் பெயர் அதற்குப் பொருந்தும். கற்றையின் கணக்கையும் இயற்கையின் கணக்கையும் அருகருகே வைத்துப் படித்தது அந்தச் சோதனை. கலிஃபோர்னியாவின் வெள்ளை மலையிலும் ஹவாயின் மௌனா கியாவிலும் சில்லு வரிசைகளை மாதக்கணக்கில் ஓடவிட்டார்கள். பிரான்சின் ரூஸ்ட்ரெல் நிலத்தடி ஆய்வகத்திலும் பின்னர் வைத்தார்கள். நிலத்தடியில் நியூட்ரான் இல்லாததால் அங்கே எஞ்சும் பிழை, உறைப்பொருளின் ஆல்ஃபா துகளால் வருவது. இப்படி இரண்டு காரணங்களையும் தனித்தனியே பிரித்து எண்ண முடிந்தது.

பிழையைத் தாங்கும் சுற்றுகள்

நியூட்ரானைச் சுவர் வைத்துத் தடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. அதற்குப் பல மீட்டர் கான்கிரீட் வேண்டும். பிழை வந்தே தீரும் என்று ஏற்றுக்கொண்டு சுற்றை வடிவமைப்பதே வழி. அமைவு நினைவகத்தை இடைவிடாமல் படித்து, புரண்ட பிட்டைக் கண்டதும் திருத்தி எழுதும் முறை ஒன்று. பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுவதுபோல இருப்பதால் இதற்கு ஸ்கிரப்பிங் என்று பெயர். ஒரே சுற்றை மூன்று படிகளாக எழுதி, மூன்றில் இரண்டு சொல்வதை விடையாக ஏற்பது இன்னொன்று. ஸ்கிரப்பிங்கும் சேர்ந்தால்தான் இது நிலைக்கும். முதல் படியின் பிழை திருத்தப்படாமல் இருக்கும்போது இரண்டாவது படியும் தவறினால் பெரும்பான்மையே பொய்யாகிவிடும். அமைவு நினைவகத்தை ஃபிளாஷ் வகையில் வைத்திருக்கும் சில்லுகளும் உண்டு. அவற்றின் மின்சுற்றை நியூட்ரான் எளிதில் மாற்றாது, ஆனால் உள்ளே ஓடும் தரவு மாறக்கூடும். எந்த முறை எவ்வளவு காக்கிறது என்பதைச் சொல்லக்கூடியதும் கற்றைச் சோதனைதான்.

இந்திய மலைகளுக்கு உள்ள வாய்ப்பு

விண்வெளிக்குப் போகும் இந்தியச் சில்லுகள் டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தின் பெல்லட்ரானில் கன அயனிக் கற்றையின் முன் சோதிக்கப்படுகின்றன. கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய 30 கிலோவாட் காமினி அணு உலை நியூட்ரான் படமெடுப்புக்குப் பெயர்பெற்றது. அதன் நியூட்ரான்கள் வேகம் தணிந்தவை. வளிமண்டல நியூட்ரான்களைப்போலப் பரந்த ஆற்றல் கொண்ட கற்றையைத் தரும், புரோட்டானால் உலோகத்தைச் சிதறடிக்கும் முடுக்கிநிலையம் இந்தியாவில் இன்னும் இயங்கவில்லை.

காஸ்மிக் கதிர்களை மலையில் அளக்கும் மரபு தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இயங்குகிறது. அதன் மியூவான் தொலைநோக்கியின் பரப்பு 560 சதுர மீட்டர். 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயல் பூமியின் காந்தக் காப்பைச் சற்று நேரம் தளர்த்தியபோது காஸ்மிக் கதிர்கள் கூடியதை அந்தத் தொலைநோக்கி இரண்டு மணி நேரம் பதிவு செய்தது. தரைக்கடியில் அளந்த வரலாறும் பக்கத்திலேயே இருக்கிறது. கோலார் தங்கவயலில் 2 கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில், 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டன.

ரொசெட்டா போன்ற ஒரு சோதனைக்கு முடுக்கி தேவையில்லை. மின்சாரம், இணையம், பூட்டக்கூடிய ஓர் அறை, ஆயிரம் சில்லுகள், இவ்வளவும் இருந்தால் போதும். முன்சொன்ன கணக்கின்படி நாகலூரில் அவை ஆண்டுக்கு 35 பிட்டுகள் புரண்டதைக் காட்டும். ஆறில் ஒரு பங்கு ஐயத்தோடு விடை சொல்ல அது போதும். சேலத்தில் ஒரு தொகுதி, ஏற்காட்டு மலையில் ஒன்று, ஊட்டியில் ஒன்று என வைத்தால் உயரத்தோடு பிழை கூடும் விதம் இந்தியாவின் சொந்த அளவீடாகவே கிடைத்துவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் ஊர்களுக்கு நியூயார்க்கின் எண்ணைப் பெருக்கியும் வகுத்தும் பயன்படுத்துவதைவிட இந்த மண்ணில் எடுத்த எண் நம்பகமானது. சேலத்திலும் கோவையிலும் சென்னையிலும் உள்ள பொறியியல் கல்லூரிகள் சேர்ந்து இதைச் செய்யலாம், செய்ய வேண்டும். சில்லு வடிவமைப்பைத் தொழிலாகத் தேர்ந்தெடுக்கும் தமிழ் மாணவர்களுக்கு, அந்தச் சில்லு மலைமேல் எத்தனை நாளுக்கு ஒருமுறை தவறும் என்று எண்ணத் தெரிந்திருப்பதும் அந்தத் தொழிலின் ஒரு பகுதி.